பப்ஜி போட்டிகள் நடத்தி இரண்டு தடைகளில் நான் இழந்ததும் கற்றதும்

திருப்பூரில் கைபேசி விற்பனையும் பழுதுபார்ப்பும் செய்யும் ஒரு சிறிய கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் இளைஞர்களுக்காக 2018ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பப்ஜி மொபைல் போட்டிகளை நடத்தத் தொடங்கினேன். அந்த விளையாட்டைச் சுற்றி எழுந்த வன்முறைச் சர்ச்சையும், பின்னர் வந்த இரண்டு தடைகளும் சேர்ந்து என் கைப்பணத்தில் எண்பதாயிரத்துச் சொச்சம் ரூபாயை விழுங்கிவிட்டன. போட்டி நடத்துவதற்கு வழிகாட்டும் காணொளிகள் தமிழில் எத்தனையோ இருந்தன. ஆனால் விளையாட்டே ஒரு நாள் மாலையில் நாட்டிலிருந்து காணாமல் போனால் வாங்கிய பணத்தை என்ன செய்வது, விளம்பரதாரருக்கு என்ன பதில் சொல்வது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடந்தவற்றை வரிசையாக எழுதுகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்கச் சண்டை போட்டது துப்பாக்கியையும் இரத்தத்தையும் பற்றி. தடை உத்தரவு வந்ததோ முற்றிலும் வேறொரு சட்டக் காரணத்தைச் சொல்லி. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள்தாம் அதிகமாக அடிபடுகிறார்கள்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். நூறு பேர் விமானத்திலிருந்து ஒரு தீவில் குதிக்கிறார்கள். கிடைக்கும் ஆயுதங்களைப் பொறுக்கிக்கொண்டு ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்துகிறார்கள். கடைசிவரை நிற்கும் அணிக்கு 'சிக்கன் டின்னர்' என்று திரையில் எழுத்து மின்னும். நால்வர் ஓர் அணி என்றால் ஓர் ஆட்டத்தில் இருபத்தைந்து அணிகள் ஆடலாம். போட்டி நடத்துபவர் ரூம் கார்டு வாங்கித் தனி அறை திறந்து, ஆட்டம் தொடங்கச் சற்று முன்பு அதன் எண்ணையும் கடவுச்சொல்லையும் அணித்தலைவர்களுக்கு அனுப்ப வேண்டும். இதைப் பையன்கள் 'ஐடி பாஸ்' என்பார்கள். என்னிடம் ஆடியவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்கள். இரவு ஷிப்டு இல்லாத நாளில் ஒரே அறையில் தங்கியிருக்கும் நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்துவிடுவார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இங்கே தையல் வேலை பார்க்கும் இளைஞர்களும் தனி அணிகளாக வந்தார்கள். எங்கள் ஊர்ப் பையன்களோடு அவர்கள் ஓரிடத்தில் சிரித்துப் பேசி நான் பார்த்தது அந்த ஆட்டங்களில்தான்.

சர்ச்சை எங்கள் கடை வாசலுக்கு வந்தது 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில். சனவரி 29ஆம் தேதி மாணவர்களோடும் பெற்றோர்களோடும் பிரதமர் நடத்திய தேர்வு பற்றிய உரையாடலில், மகன் இணைய விளையாட்டில் மூழ்கிவிட்டான் என்று ஒரு தாய் சொல்ல, இவன் பப்ஜிக்காரனா என்று பிரதமர் கேட்டதும் அரங்கமே சிரித்தது. அதுவரை பையன்களுக்கு மட்டும் தெரிந்திருந்த பெயர் அன்றைக்குப் பெற்றோர்களுக்கும் தெரிந்துவிட்டது. அடுத்து மார்ச் 6ஆம் தேதி குசராத்தின் ராசுகோட்டு நகரக் காவல் ஆணையர், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆவது பிரிவைக் கொண்டு அந்த நகரத்தில் பப்ஜி விளையாடத் தடை விதித்தார். குழந்தைகளிடமும் இளைஞர்களிடமும் வன்முறைப் போக்கு வளர்கிறது, படிப்பு கெடுகிறது என்பன காரணங்களாகச் சொல்லப்பட்டன. ஒரு வாரத்திற்குள் கல்லூரி மாணவர்கள் ஆறு பேர் உட்படப் பத்துப் பேர் கைதாகிப் பிணையில் வெளியே வந்தார்கள். கைபேசியில் விளையாடியதற்காகக் கைது என்ற செய்தி அன்று மாலையே எங்கள் ஊர் வாட்சப் குழுக்களுக்கெல்லாம் வந்துவிட்டது. குசராத்து என்ற சொல் வழியில் எங்கேயோ உதிர்ந்துபோய், 'பப்ஜி விளையாடினால் கைது' என்பது மட்டும் மிஞ்சியது.

அந்த நேரத்தில் நான் ஒரு திருமண மண்டபத்தை வாடகைக்குப் பேசி, முதல்முறையாக எல்லா அணிகளையும் நேரில் வரவழைத்து இறுதிச் சுற்று நடத்த ஏற்பாடு செய்திருந்தேன். முன்பணம் பன்னிரண்டாயிரம் ரூபாய் கொடுத்தாயிற்று. பிளெக்ஸ், அழைப்பு, அணிகளுக்கான அட்டை என்று அச்சகத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் போனது. செய்தி வந்த இரண்டொரு நாளில் மண்டபத்துக்காரர் அழைத்தார். "இந்த வம்பெல்லாம் நமக்கு வேண்டாமுங்க தம்பி. நாளைக்குப் போலீசு வந்து நின்னா, கண்ணாலத்துக்கு மண்டபம் பார்க்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்றார். ராசுகோட்டு காவல் ஆணையரின் உத்தரவு அவருடைய எல்லைக்குள் மட்டும்தான் செல்லும், அதுவும் ஏப்ரல் 30 வரைக்கும்தான், தமிழ்நாட்டில் அப்படி எந்த உத்தரவும் இல்லை என்று எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், மண்டபத்தை மட்டும் தரவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது இரசீதைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார். பின்பக்கம், சாமி படத்துக்குக் கீழே, 'எக்காரணம் கொண்டும் முன்பணம் திருப்பித் தரப்படமாட்டாது' என்று சிவப்பு மையில் அச்சிட்டிருந்தது. விலகியது அவர், பணம் போனது எனக்கு. நியாயம் கேட்கும் இடத்தில் எனக்குப் பக்கபலமாக நிற்க ஊரில் யாரும் இல்லை. பப்ஜி என்ற சொல்லைக் கேட்டதுமே பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டது. அந்த வாரம் முழுக்க நான் ஏதோ திருட்டுத் தொழில் செய்து பிடிபட்டவனைப் போலத் தலை குனிந்து நடந்தேன் என்பதை இப்போது சொல்வதில் வெட்கம் இல்லை.

இப்படி ஒரு நிகழ்ச்சிக்கு இடம் பேசுகிறவர்கள், இடத்துக்காரரே விலகினால் முன்பணம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்ற ஒரு வரியை இரசீதின் முன்பக்கத்திலேயே கையால் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக்கொள்வது நல்லது. எழுதிக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை; பிறகு கேட்டால் யாரும் தருவதில்லை. என்ன நிகழ்ச்சி என்பதையும் மறைக்காமல் அதிலேயே எழுதிவிடுங்கள், பின்னாளில் 'எனக்குச் சொல்லவில்லை' என்ற பேச்சுக்கு இடமிருக்காது. பணம் போனால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019ஆம் ஆண்டின் புதிய சட்டத்துக்குப் பிறகு, ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். எனக்கு இது தெரிய வந்தபோது அந்த இரண்டு ஆண்டுகளும் கடந்திருந்தன.

பெற்றோர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும், ஏனெனில் மண்டபத்தைவிட அவர்களைச் சமாளிப்பதுதான் கடினமாக இருந்தது. கடைக்கு வந்து சத்தம் போட்டவர்கள் எல்லாரும் ஒரே மூச்சில் இரண்டு குற்றச்சாட்டுகளை வைத்தார்கள். சுட்டுச் சுட்டு விளையாடி என் மகன் கொலைகாரனாகிவிடுவான் என்பது ஒன்று. அவன் தூங்குவதே இல்லை என்பது மற்றொன்று. முதலாவதற்கு ஆதாரம் மெலிது. அமெரிக்க உளவியல் சங்கம் 2020 மார்ச்சில் தன் தீர்மானத்தைத் திருத்தி வெளியிட்டபோது, வன்முறை விளையாட்டுகளுக்கும் கத்துவது, தள்ளுவது போன்ற முரட்டுத்தனத்துக்கும் சிறிய தொடர்பு தென்படுகிறது என்றும், கொடிய வன்செயல்களை அவற்றின் தலையில் கட்டப் போதிய சான்று இல்லை என்றும் சொன்னது. இரண்டாவது குற்றச்சாட்டில் பெற்றோர்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கு ஆட்டம் முடித்துவிட்டு எட்டு மணிக்குத் தையல் எந்திரத்தின் முன் உட்காரும் பையனின் கண்களை நான் கடையிலேயே பார்த்திருக்கிறேன். உலக சுகாதார நிறுவனமும் தன் நோய் வகைப்பாட்டில் விளையாட்டுக் கோளாறு என்று ஒன்றைச் சேர்த்தது, 2022 சனவரி முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதன் வரையறை பேசுவது கட்டுப்பாடு இழப்பதைப் பற்றி, துப்பாக்கியைப் பற்றி அன்று. ஆகவே போட்டி நடத்துபவர்கள் வன்முறை வாதத்தில் பெற்றோர்களை வெல்லப் பார்ப்பதில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம். இரவு பத்தரைக்கு மேல் ஆட்டம் கிடையாது என்று எழுதி ஒட்டினேன். பாதிச் சண்டை அத்தோடு தீர்ந்தது.

2020இல் ஊரடங்கு வந்தபோது கடைக்குப் பல மாதம் வருமானம் இல்லை, ஆனால் விளையாடுபவர்கள் பெருகினார்கள். ஊருக்குத் திரும்பிப் போன ஒடிசாப் பையன்கள் அங்கிருந்தபடியே அணியாக ஆடினார்கள். செப்டம்பர் 5, 6 தேதிகளில் பெரிய போட்டி ஒன்றை அறிவித்தேன். அணிக்கு இருநூறு ரூபாய் வீதம் எண்பது அணிகள் பணம் கட்டியிருந்தன. செப்டம்பர் 2ஆம் தேதி புதன்கிழமை மாலையில், 118 செயலிகளை மைய அரசு தடை செய்துவிட்டது, அதில் பப்ஜி மொபைலும் அதன் லைட் வடிவமும் அடக்கம் என்று செய்தி வந்தது. சீனாவோடு எல்லையில் நடந்த கல்வான் மோதலுக்குப் பிறகு சூன் மாதக் கடைசியில் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் போனபோதே, பப்ஜியும் போகும் என்ற பேச்சு இருந்தது. தென்கொரிய நிறுவனத்தின் விளையாட்டு என்றாலும், கைபேசி வடிவத்தை இங்கே வெளியிட்டது சீனாவின் டென்சென்ட் நிறுவனம். உத்தரவின் அடிப்படை தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-அ பிரிவு. அதில் பேசப்பட்டவை நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பயனாளர்களின் தரவு ஆகியவை. வன்முறை என்ற காரணமே அதில் இல்லை. கணினியில் ஆடும் பப்ஜி, அதே துப்பாக்கிகளோடும் அதே இரத்தத்தோடும், தடைப்படாமல் இருந்தது. ஆனால் மறுநாள் காலை என் கடைக்கு வந்த பெரியவர்கள், "பார்த்தீங்களா, கெட்டதுன்னு கவருமெண்டே சொல்லிப்போட்டாங்க" என்றுதான் சொன்னார்கள்.

அந்த இரவு எனக்கு எழுந்த சிக்கலை நான் எங்கும் படித்ததில்லை. செயலி கடைகளிலிருந்து நீக்கப்பட்டாலும், ஏற்கெனவே கைபேசியில் இருந்தவர்களுக்கு விளையாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை ஆட்டத்தை நடத்திவிடுங்கள் அண்ணா, யாருக்குத் தெரியப் போகிறது என்று அணித்தலைவர்கள் கெஞ்சினார்கள். 69-அ பிரிவின் உத்தரவு இணையச் சேவை தருபவர்களையும் செயலிக் கடைகளையும் நோக்கியது; விளையாடுகிற தனி ஆளைத் தண்டிப்பது அதன் வேலை இல்லை. ஆனால் பணம் வாங்கிப் பரிசு கொடுத்து, பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்டு, தடை செய்த செயலியில் போட்டி நடத்தும் கடைக்காரனின் நிலை வேறு. ராசுகோட்டில் நடந்தது நினைவில் இருந்தது. பணத்தைத் திருப்பித் தந்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

திருப்பித் தருவதுதான் உண்மையான வதை. என்னிடம் இருந்த கணக்குப் புத்தகத்தில் அணியின் பெயர், தலைவரின் பெயர், தொலைபேசி எண் என்று மூன்று கட்டங்கள். ஆனால் பணம் வந்தது யாருடைய யுபிஐ எண்ணிலிருந்து என்ற நான்காவது கட்டம் இல்லை. 'சிங்கக்குட்டி' அணியின் பணம் தலைவனின் அக்கா வீட்டுக்காரர் கணக்கிலிருந்து வந்திருக்கிறது; ஒடிசா அணி ஒன்றின் பணத்தை இங்கே உள்ள மேஸ்திரி கட்டியிருக்கிறார். மேஸ்திரிக்கு அனுப்பினால் பையன்களுக்குப் போகுமா என்று தெரியாது. பையன்களுக்கு அனுப்பினால் மேஸ்திரி வந்து கேட்பார். ஏழு அணிகளுக்கு இரண்டு பக்கமும் கொடுத்துத்தான் வாயை அடைக்க முடிந்தது, அதில் ஆயிரத்து நானூறு ரூபாய் போனது. சுவரொட்டி வடிவமைப்பு, ரூம் கார்டுகளுக்காக வாங்கிய யூசி, நேரலை செய்பவருக்குக் கொடுத்த முன்பணம் ஆகியவை ஐயாயிரத்து எண்ணூறு. அந்த யூசி என்பது பணம் கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம். அக்டோபர் 30ஆம் தேதி இந்தியாவில் சேவை முற்றாக நிறுத்தப்பட்டபோது அதுவும் கணக்கோடு போயிற்று. என்னுடையது சிறிது. சம்பளத்தில் மாதாமாதம் எடுத்து வைத்து விளையாட்டுக்குள் உடைகளும் துப்பாக்கிகளுக்கான அலங்காரத் தோற்றங்களும் வாங்கிச் சேர்த்த ஒரு பையன் கடை நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகத் திரையைப் படம் பிடித்துச் சேமித்துக்கொண்டிருந்தான். இதற்காகவா என்று அவன் அம்மா கேட்பாரே என்பதுதான் அவனுடைய கவலை.

எனவே பணம் வாங்குகிறவர்கள் முதல் நாளிலிருந்தே வந்த கணக்குக்கே திரும்பும் என்ற விதியை எழுதி அறிவித்துவிடுங்கள். பணப் பரிமாற்ற எண்ணையும் அணிப் பெயரோடு சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டிப் பணத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கு வைத்து, ஆட்டம் முடியும்வரை அதிலிருந்து ஒரு ரூபாயும் எடுக்காமல் இருங்கள். முன்செலவுகளுக்கு விளம்பரதாரர் பணமோ சொந்தப் பணமோ இருக்கட்டும். விளையாட்டு நாணயத்தைத் தேவைக்கு மேல் வாங்கி வைக்காதீர்கள். பயனர் ஒப்பந்தத்தைப் படித்தால் தெரியும், நாம் வாங்குவது பொருளை அன்று, அந்நிறுவனத்தின் சேவை இருக்கும்வரை அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டும்தான்.

தடைக்குப் பின்வந்த மாதங்களில் நான் பார்த்த இழப்புகளோடு ஒப்பிட்டால் என்னுடையது சிறியது. கொரியப் பதிப்பை இறக்கி, இருக்கும் நாட்டை மறைத்துக் காட்டும் வி.பி.என். வழியே ஆடுகிறோம் என்று போனவர்கள் ஒரு பக்கம். புதிய இந்தியப் பதிப்பு வந்துவிட்டது என்று டெலிகிராமில் சுற்றிய ஏபிகே கோப்புகளை, அதாவது செயலிக் கடைக்கு வெளியே கிடைக்கும் செயலிக் கோப்புகளை, நிறுவியவர்கள் மறுபக்கம். நவம்பரில் இந்தியாவுக்கென்றே ஒரு பதிப்பு வரப்போகிறது என்று நிறுவனம் அறிவித்துவிட்டுப் பல மாதம் அமைதியாக இருந்ததால், போலிகளுக்கு நல்ல அறுவடை. ஒரு பையன் கைபேசி சூடாகிறது என்று கொண்டுவந்தான். திறந்து பார்த்தால், விளையாட்டின் சின்னத்தோடு ஒரு செயலி; திறந்தால் 'சர்வர் பராமரிப்பில் உள்ளது' என்று ஒரே ஒரு திரை; ஆனால் குறுஞ்செய்திகளைப் படிக்க, அனுப்ப, தொடர்புகளைப் பார்க்க எல்லா அனுமதிகளும் அதற்குக் கொடுக்கப்பட்டிருந்தன. அவன் வங்கிக் கணக்கிலிருந்து ஆறாயிரம் ரூபாய் போயிருந்தது. ஒரு துப்பாக்கி விளையாட்டுக்குக் குறுஞ்செய்தி அனுமதி எதற்கு என்ற கேள்வியைக் கேட்டாலே போதும், இத்தகைய கோப்புகளில் பெரும்பாலானவற்றை அடையாளம் கண்டுவிடலாம். பணம் போனால் அன்றைக்கே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிவிடும். தடை செய்த விளையாட்டு என்று சொல்ல வெட்கப்பட்டுப் புகார் கொடுக்காமல் இருந்தவர்கள்தாம் அதிகம்.

2021 சூலை 2ஆம் தேதி தென்கொரியாவின் கிராஃப்டன் நிறுவனம் அதே விளையாட்டைப் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற பெயரில் வெளியிட்டது. பிஜிஎம்ஐ என்று எல்லாரும் அழைத்தோம். இந்தியச் சர்ச்சைகளுக்குப் பதில் சொல்வதுபோல அதில் சில மாற்றங்கள் இருந்தன. இரத்தம் சிவப்பாகத் தெறிக்காமல் பச்சையாகத் தெறித்தது. கொன்றான் என்ற இடத்தில் முடித்தான் என்று வந்தது. இது கற்பனை உலகம் என்ற அறிவிப்பு அடிக்கடி ஒலித்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பெற்றோரின் தொலைபேசி எண், நாளொன்றுக்கு மூன்று மணி நேரம், ஏழாயிரம் ரூபாய்ச் செலவு வரம்பு என்று விதிகள் வைத்தார்கள். பள்ளிக்கூடப் பையனுக்கு ஒரு நாளைக்கு ஏழாயிரம் ரூபாயை வரம்பாக வைத்தவர் எந்த ஊர்க்காரரோ தெரியவில்லை. எங்கள் ஊரில் அது ஒருவருடைய அரை மாதச் சம்பளம். பச்சை இரத்தத்தைப் பார்த்த பக்கத்துத் தேநீர்க் கடைப் பெரியவர் ஒருவர், "என்னுங்க தம்பி, ஆளைச் சுட்டா மருதாணிச் சாறு வருது?" என்று கேட்டுவிட்டுப் போனார். இந்தத் தணிக்கையால் பெற்றோர் ஒருவராவது மனம் மாறியதாக நான் காணவில்லை. ஆனால் நேர வரம்பைப் பெற்றோர்களிடம் எடுத்துக் காட்ட முடிந்தது. அது உண்மையிலேயே உதவியது.

பழைய கணக்கிலிருந்த உடைமைகளைப் புதியதற்கு மாற்றிக்கொள்ள ஒரு கெடுவுக்குள் வாய்ப்புத் தந்தார்கள். முகநூல் அல்லது ட்விட்டர் கணக்கோடு இணைத்து ஆடியவர்களுக்கு அது எளிதாக முடிந்தது. எதனோடும் இணைக்காமல் விருந்தினராக ஆடியவர்களுக்கும், முகநூலின் கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கும் எல்லாம் போயிற்று. கடையில் அந்த மாதங்களில் நான் செய்த வேலையில் பாதி, பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி முகநூல் கணக்குகளை மீட்பதுதான். எந்த இணைய விளையாட்டானாலும், நீங்கள் கட்டுப்படுத்தும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் கொண்ட கணக்கோடு இன்றைக்கே இணைத்துவிடுங்கள். வாங்கியவற்றின் இரசீது மின்னஞ்சல்களை அழிக்காதீர்கள். கணக்கு உங்களுடையது என்று நிறுவ அவைதாம் கை கொடுக்கும். கணக்கை மாற்றித் தருகிறேன், ஓடிபி மட்டும் சொல் என்று வந்தவர்களிடம் ஏமாந்தவர்களையும் கண்டேன்.

அடுத்த ஆண்டில் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டிருந்தது. இதே வகை விளையாட்டான, சிங்கப்பூர் நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் 54 செயலிகளில் ஒன்றாகத் தடைப்பட்டபோதும், பிஜிஎம்ஐ தப்பிவிட்டது. சூன், சூலை மாதங்களில் அதன் பெரிய போட்டித் தொடர் ஒன்று ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியிலேயே ஒளிபரப்பானது. மட்டைப்பந்து காட்டும் தொலைக்காட்சியில் பப்ஜி காட்டுகிறார்கள் என்று பெரியவர்கள்கூட நின்று பார்த்தார்கள். ஒரு துணிக்கடை எனக்கு மூன்று மாதப் போட்டித் தொடருக்கு முப்பதாயிரம் ரூபாய் விளம்பரப் பணம் தந்தது. நேரலை செய்ய எழுபத்தெட்டாயிரம் ரூபாய்க்குக் கணினியும் திரையும் வாங்கினேன். அதே சூன் மாதத்தில் லக்னோவில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் தாயைச் சுட்டுக் கொன்றதாகவும், விளையாட்டைத் தடுத்ததே காரணம் என்றும் செய்தி வந்தது. பழைய கூச்சல் மீண்டும் எழுந்தது. சூலை 28ஆம் தேதி மாலையில் கூகுள், ஆப்பிள் இரண்டின் கடைகளிலிருந்தும் பிஜிஎம்ஐ மறைந்தது. அரசின் உத்தரவு வந்ததால் நீக்கினோம் என்று கூகுள் தெரிவித்தது. வன்முறையால் போயிற்று என்று பாதிப் பேரும், தரவு சீனாவுக்குப் போனதால் என்று மறுபாதியும் பேசினார்கள். இரத்தத்தைப் பச்சையாக்கியது எதற்கும் உதவவில்லை.

என்ன காரணம் என்று தெரிந்தால்தானே எவ்வளவு நாள் காத்திருப்பது என்று கணக்கிட முடியும்? அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் 69-அ பிரிவைச் செயல்படுத்தும் 2009ஆம் ஆண்டின் தடுப்பு விதிகளைப் படித்தேன். அவற்றின் 16ஆவது விதி, தடை கோரும் வேண்டுகோள்களையும் அவற்றின் மீதான நடவடிக்கைகளையும் கமுக்கமாக வைத்திருக்கச் சொல்கிறது. 69-அ பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தோடு அரசு பேசும். அதை நம்பிப் போட்டி நடத்துகிறவனுக்கும் விளையாடுகிறவனுக்கும் அறிவிப்போ விளக்கமோ கிடைக்காது. ஆகையால் உங்கள் ஒப்பந்தத்தில் நீங்கள்தாம் அந்த நாளை எதிர்பார்த்து எழுதிவைக்க வேண்டும். என்னுடைய ஒப்பந்தம் ஒரு பக்கத் தாள். அதில் போட்டி நடக்காவிட்டால் என்ற வாக்கியமே இல்லை. துணிக்கடைக்காரர் முழுப்பணத்தையும் திருப்பிக் கேட்டார். முதல் மாத ஆட்டங்களில் அவர் கடைப் பெயர் ஒவ்வொரு திரையிலும் ஓடியிருக்கிறது என்று காட்டி, பத்தாயிரத்தை நான் வைத்துக்கொள்ளப் பேசி முடித்தேன். அதற்கே பெரும் மன்றாட்டு. ஆனால் தொடர் முழுவதற்குமான சீருடைத் துணிக்கும் நேரலை ஆளுக்கும் முப்பதாயிரத்தையும் முன்னமே செலவழித்திருந்ததால், திருப்பிக் கொடுத்த இருபதாயிரமும் சொந்தப் பணம். கணினியை அந்த ஆண்டு இறுதியில் நாற்பத்தோராயிரத்துக்கு விற்றேன். அந்த மாதங்களில் வீட்டில் இதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டேன். கேம் விளையாடி நட்டமா என்று கேட்பவர்களுக்கு, நான் விளையாடவில்லை, தொழில் செய்தேன் என்று விளக்கும் தெம்பு என்னிடம் இல்லை.

பத்து மாதம் கழித்து, 2023 மே மாதத்தில், மூன்று மாதச் சோதனை அனுமதியோடு பிஜிஎம்ஐ திரும்பியது. சிறார்களுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு மணி நேரம் என்று வரம்பு வந்தது. நான் உடனே பழையபடி இறங்கவில்லை. அந்த ஏப்ரலில்தான் தமிழ்நாட்டின் இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்துக்கு ஆளுநரின் ஒப்புதல் கிடைத்திருந்தது. ரம்மியையும் பப்ஜியையும் ஒன்றாகவே பேசும் ஊரில், நான் நடத்துவது எந்தப் பக்கத்தில் வரும் என்று கேட்டுத் தெளிய வேண்டியிருந்தது. அந்தச் சட்டம் குறிவைத்தது பணம் வைத்து ஆடுவதை. துப்பாக்கி விளையாட்டின் வன்முறையை அது தொடவில்லை. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்து, 'இ-ஸ்போர்ட்ஸ்' எனப்படும் மின்விளையாட்டுப் போட்டிகளைத் தனியாகப் பிரித்தது. பங்கேற்புக் கட்டணம் வாங்குவதற்கு அதில் இடம் இருந்தாலும், அது முறையாக ஏற்கப்பட்டுப் பதிவான மின்விளையாட்டாக இருக்க வேண்டும் என்கிறது. கடைவாசலில் நின்று அணிக்கு இருநூறு வாங்கி வென்றவனுக்குப் பத்தாயிரம் தருகிற என் போன்றவர்கள் இதைப் படித்துவிட்டு, தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு முடிவெடுப்பது நல்லது. எனக்கு அந்த ஆலோசனைக்கு ஆயிரம் ரூபாய் ஆனது.

இப்போது நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை. விளம்பரதாரர் பணத்தை இரண்டு தவணையாக, ஆட்டங்கள் முடிய முடிய வாங்குகிறேன். விளையாட்டு அரசு உத்தரவாலோ நிறுவனத்தின் முடிவாலோ நின்றுபோனால், நடந்து முடிந்த ஆட்டங்களுக்கான பங்கு எனக்கு, மீதி அவருக்கு, அல்லது இருவரும் ஒத்துக்கொண்டால் வேறொரு விளையாட்டில் தொடர்வது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. மட்டைப்பந்து, கால்பந்து விளையாட்டுகளிலும் சிறிய போட்டிகள் வைக்கிறேன். கூட்டம் குறைவுதான், இருந்தாலும் ஒரே விளையாட்டை நம்பி நிற்க வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர் யாராக இருந்தாலும் பெற்றோரில் ஒருவர் கடைக்கு நேரில் வந்து கையெழுத்திட வேண்டும். வருகிறவர்களுக்கு ஓர் ஆட்டத்தை முழுதாகப் போட்டுக் காட்டுகிறேன், இரத்தம் என்ன நிறத்தில் தெறிக்கிறது என்பது உட்பட. பார்த்துவிட்டு வேண்டாம் என்று மகனை அழைத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு, அவர்களோடு நான் வாதாடுவதில்லை. கையெழுத்திடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறார்கள்: "எத்தனை மணிக்குங்க முடியும்?"